ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகிறவர்கள்

டாட்ஜர் ஸ்டேடியத்தில் 16,000 கார்களை நிறுத்த இடம் இருக்கிறது. ஆட்டம் முடிந்து அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பினால், போவதற்குத்தான் வழி இல்லை.

1988 அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலஸ். பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம் கடைசி இன்னிங்ஸுக்கு வந்துவிட்டது. டாட்ஜர்ஸ் அணி 3-4 என்று பின்தங்கி நிற்கிறது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் எல்லாம் முடிந்தது. அந்த நேரத்தில் இரண்டு காலிலும் அடிபட்டு, நடக்கவே சிரமப்படும் கிர்க் கிப்சன் மட்டையை எடுத்துக்கொண்டு வருகிறார். எதிரே ஓக்லண்ட் அணியின் டென்னிஸ் எக்கர்ஸ்லி. அந்த ஆண்டில் மட்டும் 45 ஆட்டங்களைக் கடைசியில் வந்து காத்துக்கொடுத்த பந்துவீச்சாளர். கிப்சன் அடித்த பந்து வலப்பக்க ரசிகர்களின் நடுவே போய் விழுகிறது. ஹோம் ரன்! இரண்டு ரன் சேர்ந்து 5-4 என்று டாட்ஜர்ஸ் வெற்றி.

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் சலிக்காமல் திரும்பத் திரும்பக் காட்டும் காட்சி அது. கூர்ந்து பார்த்தால், பந்து பறக்கும் திசையில், இருக்கைகளுக்கு அப்பால், இருட்டில் ஒரு காரின் சிவப்பு பிரேக் விளக்குகள் தெரியும். உலகத் தொடருக்கு டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள், ஆட்டம் முடியுமுன்பே புறப்பட்டுவிட்டார்கள். டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற ஒரே கவலைதான் காரணமாக இருந்திருக்க முடியும்.

லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்களைப் பற்றி மற்ற ஊர்களில் ஒரு கேலி உண்டு. மூன்றாவது இன்னிங்ஸில் வருவார்கள், ஏழாவது இன்னிங்ஸில் போய்விடுவார்கள் என்று. ஆட்டத்தின் மீது அவர்களுக்குப் பற்று இல்லை என்பது அதன் உட்பொருள். இது நியாயமான பேச்சு இல்லை. 2025 சீசனில் டாட்ஜர்ஸின் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்களின் கணக்கு 40 லட்சத்தைத் தாண்டியது. பற்று இல்லாத ஊரில் இது நடக்காது. அந்த ரசிகர்களை இருக்கையிலிருந்து முன்னதாகவே எழுப்பி விடுவது எது என்று பார்ப்பதே முறை.

எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டம்

பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் என்பது சிறியது. இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அப்போதும் சமநிலை என்றால் யாராவது ஜெயிக்கும்வரை ஆட்டம் நீளும். கால்பந்தைப் போல 90 நிமிடம் என்ற எல்லை இதற்கு இல்லை. 2023-ல் பந்துவீச்சாளருக்கு நேரக்கட்டுப்பாடு வந்த பிறகு சராசரி ஆட்ட நேரம் 3 மணியைத் தாண்டி இருந்தது 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அது பெரிய உதவிதான். ஆனாலும் இன்றைய ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆட்டத்தின் சுவையே கடைசியில்தான் இருக்கிறது. 2006 செப்டம்பர் 18 அன்று சான் டியேகோ அணிக்கு எதிராக டாட்ஜர்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-9 என்று தோல்வியின் விளிம்பில் நின்றது. கூட்டம் பாதி கலைந்துவிட்டது. அப்போது நான்கு பேர் வரிசையாக நான்கு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். அடுத்த இன்னிங்ஸில் சான் டியேகோ மீண்டும் முந்தியபோதும், நோமார் கார்சியாபாரா இன்னொன்று அடித்து 11-10 என்று முடித்துவைத்தார். 2024 அக்டோபர் 25 அன்று, நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், இருவர் அவுட் ஆன நிலையில் ஃப்ரெடி ஃப்ரீமன் மூன்று தளங்களிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடரில் அப்படி ஓர் ஆட்டம் முடிந்தது அதுவே முதல் முறை. முன்கூட்டியே கிளம்பும் ரசிகர் இழக்கக் கூடியது இவற்றைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்து அணி ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களைத்தான் சொந்த ஊரில் ஆடுகிறது. அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். பேஸ்பால் அணி 81 நாட்கள் சொந்த ஊரில் ஆடுகிறது. வார நாட்களில் டாட்ஜர்ஸ் ஆட்டம் வழக்கமாக மாலை 7:10-க்குத் தொடங்கும். அலுவலகம் விட்டு வீடு திரும்பும் கூட்டம் 110, 101, 5 ஆகிய ஃப்ரீவேக்களை அடைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், ஐம்பதாயிரம் பேர் அதே சாலைகள் வழியாக ஒரே குன்றை நோக்கி வருகிறார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் வந்து உட்காருகிறவர் சோம்பேறி இல்லை. ஐந்தரைக்கு வேலை முடித்துக் கிளம்பியவர் அவர்.

காரை நம்பிக் கட்டியது

டாட்ஜர்ஸ் அணி பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். 1913-ல் திறந்த எபெட்ஸ் ஃபீல்டில் சுமார் 32,000 பேர் உட்காரலாம். கார் நிறுத்த 700 இடம் போல இருந்தது. ஆரம்பத்தில் அது குறையாகவே படவில்லை. மக்கள் டிராமிலும் ரயிலிலும் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களில் பலர் லாங் ஐலண்ட் புறநகருக்குக் குடிபெயர்ந்து கார் வாங்கியபோதுதான் சிக்கல் முளைத்தது. அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி புரூக்ளினிலேயே, ரயில்பாதைகள் கூடும் அட்லாண்டிக் அவென்யூ அருகில் புதிய ஸ்டேடியம் கட்ட இடம் கேட்டார். நகரின் கட்டுமானங்களையெல்லாம் தன் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்துவிட்டார். 1957 சீசனோடு அணி கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று.

ரயில்களுக்கு நடுவே ஸ்டேடியம் கேட்டுக் கிடைக்காதவர், லாஸ் ஏஞ்சலஸில் முழுக்க முழுக்கக் காரை நம்பி ஒன்றைக் கட்டினார். குன்றைச் செதுக்கிப் படிப்படியாகப் பார்க்கிங் தளங்கள் அமைத்தார்கள். உங்கள் இருக்கை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்திலேயே காரை விட்டு நேராக உள்ளே போகலாம் என்பது அன்றைக்குப் புதுமை. பார்க்கிங் நடுவிலேயே பெட்ரோல் பங்க் இருந்தது. 1962 ஏப்ரல் 10 அன்று 56,000 இருக்கைகளோடு ஸ்டேடியம் திறந்தது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1961 ஏப்ரலில், ஒரு காலத்தில் ஊரையே இணைத்திருந்த பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கடைசி ரயில்பாதை மூடப்பட்டது. 1963 மார்ச்சோடு நகரின் கடைசி டிராமும் நின்றது. ரயிலைக் கைவிட்ட ஊரில், ரயிலே எட்டாத குன்றின் மேல் ஸ்டேடியம் எழுந்தது. இன்றைய நெரிசலின் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் குன்றிலும் மனிதர்கள் இருந்தார்கள். சாவேஸ் ரவீன் என்னும் அந்தப் பகுதியில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். பொதுக் குடியிருப்பு கட்டப் போகிறோம், புதிய வீடுகளில் உங்களுக்கே முன்னுரிமை என்று 1950-ல் நகர நிர்வாகம் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. 1953-ல் புதிய மேயர் வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1958-ல் மயிரிழையில் ஜெயித்த ஒரு வாக்கெடுப்புக்குப் பின் நிலம் டாட்ஜர்ஸுக்குப் போயிற்று. 1959 மே 8 அன்று, கடைசியாக எஞ்சியிருந்தவர்களைப் போலீஸார் தூக்கிக்கொண்டு வந்து வெளியே விட்டதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. வீடுகள் இருந்த நிலத்தின் பெரும்பகுதியில் இன்று கார்கள் நிற்கின்றன. ஆகவே இந்தப் பார்க்கிங்கைப் பற்றிப் பேசும்போது அதன் விலை டாலரில் மட்டும் கணக்கிடப்பட்டதல்ல என்பதை மறக்கக் கூடாது.

கவிழ்த்த குடம்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சாலையின் ஒரு தடத்தில், தடையே இல்லாமல் ஓடினாலும், மணிக்குச் சுமார் 2,000 கார்கள்தான் போக முடியும். சிக்னல் வந்துவிட்டால் அதில் பாதி தேறினாலே பெரிது. டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு ஐந்து வாசல்கள். எல்லா வாசல்களிலும் சேர்த்து வெளியே போகப் பத்துத் தடங்கள் கிடைக்கின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்குப் பத்தாயிரம் கார். பார்க்கிங் நிறைந்த நாளில் கடைசிக் கார் வெளியேற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வெளியே உள்ள சாலைகள் காலியாக இருந்தால்.

வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் அதன் வேகத்தில்தான் வரும். குடத்தைப் பெரிதாக்கினால் காலியாவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். பார்க்கிங்கைக் கூட்டினால் நெரிசல் குறையும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கூடுதல் இடம் கூடுதல் காரை வரவழைக்கும். வாசலும் சாலையும் அப்படியேதான் இருக்கும். ஏழாவது இன்னிங்ஸில் கிளம்புகிறவர் இந்தக் கணக்கை அனுபவத்தால் கற்றுக்கொண்டவர். பாதிப் பேர் முன்னதாகப் போவதால்தான் மீதிப் பேர் நள்ளிரவுக்குள் வீடு சேர முடிகிறது.

இந்தக் கணக்கு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. மறுநாள் பள்ளி இருக்கும் குழந்தையைக் கூட்டி வந்த தாய்க்கும், விடியற்காலை வேலைக்குப் போக வேண்டியவருக்கும், கைத்தடியோடு வந்து சரிவான பார்க்கிங்கைக் கடக்க வேண்டிய முதியவருக்கும் அது அதிகம் வலிக்கிறது. இதற்கு மேல் பார்க்கிங் கட்டணம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு டிக்கெட், சாப்பாடு, கூடவே நிற்கும் காருக்கும் ஒரு டிக்கெட் விலை என்று ஆகிவிடுகிறது. 2012-ல் அணியை விற்ற ஃப்ராங்க் மக்கோர்ட், சுற்றியுள்ள பார்க்கிங் நிலத்தில் மட்டும் தன் பங்கை விடாமல் வைத்துக்கொண்டார். வீரர்களும் கோப்பைகளும் கைமாறிய பேரத்தில், தார் போட்ட நிலத்தை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார் என்றால் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பும் சேர்ந்த கவலை இது. 2011 மார்ச் 31, சீசனின் முதல் நாள். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் ரசிகர் ஒருவர் ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பார்க்கிங்கில் இருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 2014-ல் நீதிமன்ற ஜூரி, அணி நிர்வாகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த இரவுக்குப் பின் பாதுகாப்பு கூட்டப்பட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் எரிச்சலோடும் களைப்போடும் இருட்டில் காத்திருக்கும் பரந்த வெளி என்பது மாறவில்லை. கூட்டம் வேகமாகக் கலைந்து போவதும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

ஸ்டேடியத்தின் அண்டை வீட்டார் நிலை தனி. எக்கோ பார்க், சொலானோ கேன்யன், சைனா டவுன் மக்களுக்கு ஆண்டுக்கு 81 நாட்கள் தங்கள் தெருவே தங்களுடையதாக இருப்பதில்லை. டிக்கெட் வாங்காமலே ஆட்டத்தின் புகையையும் ஹாரனையும் அனுபவிக்கிறார்கள். ரசிகரின் கவலையும் இவர்களின் கவலையும் வேறு வேறு அல்ல. ஒரே கார் வரிசையின் இரண்டு பக்கங்கள்.

மற்ற ஊர்கள் சொல்வது

நியூயார்க்கில் யாங்கீஸ் அணிக்கு 2009-ல் புதிய ஸ்டேடியம் திறந்தபோது, சுமார் 23.7 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டுப் பார்க்கிங் கட்டிடங்கள் ஏற்பாடு செய்தார்கள். அதே ஆண்டில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நார்த் ரயில் நிலையமும் திறந்தது. சுரங்க ரயில் முன்பே இருந்தது. ரசிகர்கள் ரயிலில் வந்தார்கள். பார்க்கிங் கட்டிடங்கள் காலியாகக் கிடந்தன. கடனைக் கட்ட முடியாமல் அந்த அமைப்பு தவணை தவறியது. காரை விட நல்ல வழி ஒன்றைக் கொடுத்தால் மக்கள் அதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அட்லாண்டா எதிர்த் திசையில் போனது. நகரின் நடுவே இருந்த பிரேவ்ஸ் அணி 2017-ல் காப் கவுன்டிக்கு இடம் மாறியது. இரண்டு பெரிய ஃப்ரீவேக்கள் சந்திக்கும் இடம். நகரின் மார்டா ரயில் அங்கே போகாது. 1960-களிலேயே அந்த ரயில் வேண்டாம் என்று வாக்களித்த கவுன்டி அது. புதிய ஸ்டேடியம் வந்ததும், நெரிசலுக்கு இடம் கொடுக்க வார நாள் ஆட்டங்களின் தொடக்க நேரத்தையே தள்ளிவைக்க வேண்டி வந்தது. 2024-ல் பொதுப் போக்குவரத்துக்காக ஒரு வரி முன்மொழியப்பட்டபோது அதுவும் தோற்றது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2000-ல் திறந்த ஸ்டேடியம் கடலோரத்தில், பார்க்கிங்கைச் சுருக்கிக் கட்டப்பட்டது. ரயில் நிலையம் நடந்து போகும் தூரத்தில். டிராம் வாசலுக்கே வரும். வளைகுடாவின் மறுகரையிலிருந்து படகில் வந்து இறங்கலாம். சைக்கிளைப் பாதுகாப்பாக விடவும் இடம் உண்டு. சுமார் 41,000 பேர் கூடும் இடம் ஒரே வழியை நம்பி இல்லாததால், ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும்.

ஜப்பானில் இது இன்னும் தெளிவு. ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் இடையில் உள்ள கோஷியன் மைதானத்தை 1924-ல் கட்டியதே ஹான்ஷின் என்ற ரயில் நிறுவனம். அங்கே ரசிகர்களுக்குப் பார்க்கிங் கிடையாது. ரயிலில் வாருங்கள் என்பதுதான் அறிவிப்பு. 47,000 பேர் கூடும் அந்த இடத்தில், ஆட்டத்தின் போக்கைக் கவனித்து, முடியும் நேரத்துக்கு ஏற்பக் கூடுதல் ரயில்களை விடுகிறார்கள். எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. டாட்ஜர்ஸுக்கு ஆடும் ஷோஹெய் ஓதானியைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வரும் ஜப்பானியப் பயணிகள் அந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள்.

பஸ்ஸும் கயிற்றுப் பாதையும்

லாஸ் ஏஞ்சலஸ் சும்மா இருந்துவிடவில்லை. 2010 முதல் டாட்ஜர் ஸ்டேடியம் எக்ஸ்பிரஸ் என்ற பஸ், நகரின் முக்கிய ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஓடுகிறது. ஆட்ட டிக்கெட் வைத்திருந்தால் கட்டணம் இல்லை. காற்று மாசைக் குறைப்பதற்கான நிதி இதற்கு உதவியது. பின்னர் தெற்கிலிருந்தும் ஒரு பஸ் வந்தது. சன்செட் பூலவார்டில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் விட்டதுதான் உண்மையான திருப்பம். தனித் தடம் இல்லாத பஸ், கார்களின் நடுவே மாட்டிய இன்னொரு பெரிய கார்தான்.

2018-ல் மக்கோர்ட் தரப்பு ஒரு கயிற்றுப் பாதைத் திட்டத்தை முன்வைத்தது. யூனியன் ஸ்டேஷனிலிருந்து சைனா டவுன் மேலாக ஸ்டேடியம் வரை ஏழு நிமிடத்தில் போகலாம். ஒரு திசையில் மணிக்கு 5,000 பேர். 2024 பிப்ரவரியில் ஊரின் பொதுப் போக்குவரத்து அமைப்பான மெட்ரோவின் வாரியம் அதன் சுற்றுச்சூழல் அறிக்கையை ஏற்றது. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அறிக்கையில் குறைகள் இருப்பதாகச் சொன்னது. தலைக்கு மேல் பெட்டிகள் ஓடுவதையும், பார்க்கிங் நிலத்தில் பின்னாளில் கட்டிடங்கள் எழுந்து வாடகை ஏறுவதையும் நினைத்துச் சைனா டவுன் மக்கள் எதிர்க்கிறார்கள். ஒருமுறை வெளியேற்றப்பட்டவர்களின் மண்ணுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது.

திட்டத்தின் கணக்கையும் பார்க்கலாம். மணிக்கு 5,000 பேர் என்பது நிறைந்த ஸ்டேடியத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே எண்ணிக்கையை ஐம்பது பேர் ஏறும் நூறு பஸ் நடைகள் கொண்டு செல்லும். அதற்குக் கம்பம் நட வேண்டாம், வழக்கு நடத்த வேண்டாம். சாலையில் கோடு போட்டு, அதைக் காவல் காத்தால் போதும்.

இந்த ஊருக்கு இப்போது ஒரு கெடு இருக்கிறது. 2028 ஒலிம்பிக்ஸில் பேஸ்பால் ஆட்டங்கள் டாட்ஜர் ஸ்டேடியத்தில் நடக்கின்றன. பார்வையாளர்கள் பொதுப் போக்குவரத்தில் வர வேண்டும் என்பதே ஒலிம்பிக்ஸ் ஏற்பாட்டாளர்களின் திட்டம். அப்படியென்றால் கூடுதல் பஸ்கள், கூடுதல் தடங்கள், வழிகாட்ட ஆட்கள் எல்லாம் வந்தே தீரும். உலகம் பார்க்கும் சில நாட்களுக்கு முடியுமானால், ஆண்டுதோறும் 81 நாட்கள் வரும் சொந்த ரசிகர்களுக்கும் முடியும்.

கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. ஊரின் பல திசைகளிலிருந்தும் பஸ்கள் வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் அவற்றுக்குத் தனித் தடம் வேண்டும். ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் போனாலும் கடைசி ரசிகர் ஏறும்வரை பஸ் நிற்க வேண்டும். சைனா டவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருபவர்களுக்கு வெளிச்சமான, பாதுகாப்பான நடைபாதை வேண்டும். நான்கு பேரை ஏற்றி வரும் காருக்குக் கட்டணம் குறைய வேண்டும். காரைத் தவிர வேறு வழியில்லாத முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் வாசலருகே இடம் உறுதியாக வேண்டும். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தால்தான் அவர்களுக்கு அந்த இடம் மிஞ்சும்.

டிக்கெட் ஒன்பது இன்னிங்ஸுக்கு விற்கப்படுகிறது. ஒன்பதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர வழி செய்து தருவதும் அந்த விற்பனையில் அடங்கிய கடமை. அதைச் செய்யாத ஊருக்கும் அணிக்கும், சீக்கிரம் கிளம்பும் ரசிகரைக் குறை சொல்லும் தகுதி கிடையாது.